வட்டுக்கோட்டைத் தேவாலயத்தின் சுவர்கள்

இந்த மாதம் வட்டுக்கோட்டைத் தேவாலயத்தைப் பற்றிக் கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன். நான் சைவக்காரன். ஆனால் கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்குப் பழைய பதிவேடு என்றால் ஒரு பைத்தியம். அந்த வழியாகத்தான் இந்தத் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தேன்.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த பிறகு ஊர் ஊராகக் கத்தோலிக்கத் தேவாலயங்கள் எழும்பின. 1658இல் வந்த ஒல்லாந்தர் அவற்றைப் புரட்டஸ்தாந்து ஆலயங்களாக்கினார்கள். அவர்களின் போதகர் பால்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் இந்தத் தேவாலயங்களின் படங்களைக் காணலாம்.

கட்டடம் எங்கள் மண்ணின் பொருள்தான். சுவர் முருகைக்கல், பூச்சுச் சுண்ணாம்பு, கூரைக்குப் பனஞ்சிலாகை. சுவரின் தடிப்பு வெயிலை உள்ளே விடாது. நியூ ஜேர்சியில் வளரும் எங்கள் பிள்ளைகள் "அது வெள்ளைக்காரன் கட்டினதுதானே" என்கிறார்கள். திட்டம் அவனுடையது, சரி. கல்லைச் சுமந்தவர்கள் யார்? ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கப்பட்ட எங்கள் ஊர்ச் சனங்கள். போதகர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன, இவர்களின் பெயர்கள் இல்லை.

ஒல்லாந்தர் காலத்தில் ஒவ்வொரு தேவாலயத்தோடும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் உபாத்தியாயர் தோம்பில் பதிந்தார். காணி உரிமைக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் அந்தப் பதிவு வேண்டும். ஆகவே மனம் கோயிலில் இருந்தவர்களும் பெயரைக் கொடுத்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்ததும் சனம் மெல்லக் கலைந்தது, கூரைகள் விழுந்தன. பெயருக்குச் சேர்ந்த கூட்டம் வேறென்ன செய்யும்!

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது வட்டுக்கோட்டையில் கூரையில்லாத சுவர்களே மிஞ்சியிருந்தன. மெய்க்ஸ், ரிச்சர்ட்ஸ் இருவரும் அங்கே குடியேறி அதைத் திருத்தினார்கள். 1823இல் பக்கத்தில் செமினரி தொடங்கியது. அதன் கதை பெரிது, இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இங்கே இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்கடர் 1793இல் பிறந்தது எங்கள் நியூ ஜேர்சியின் ஃப்ரீஹோல்ட் ஊரில். அந்தப் பக்கம் காரில் போகிறவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்த பிறகு வட்டுக்கோட்டை அதன் யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயமாயிற்று.

1995 ஒக்டோபரில் வலிகாமமே வெறுமையானதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறப்புப் பத்திரம் கூட எடுக்காமல் ஓடிவந்த குடும்பங்களுக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். சிலரிடம் ஞானஸ்நானப் பத்திரம் ஒன்றுதான் இருந்தது, வயதுக்கும் ஊருக்கும் அதுவே சாட்சி. உங்கள் பெட்டியின் அடியிலும் அப்படி ஒரு தாள் கிடக்கலாம். எடுத்து ஒரு பிரதி செய்து வையுங்கள். அதிலுள்ள பெயர்களைப் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.