அயல்நாட்டில் நிலம் வாங்கும் முன்…



நம் முன்னோர் கப்பலேறிப் பினாங்கு சென்று வணிகம் செய்தனர். இன்று நம்மில் சிலர் குடும்பத்தோடு மலேசியாவில் குடியேறி, கிராமப்புறத்தில் தோட்டம் வாங்க நாடுகின்றனர். நாட்டம் தவறன்று; அவசரமே தவறு.

தீபகற்ப மலேசியாவில் தேசிய நிலச் சட்டப்படி, வெளிநாட்டார் நிலம் வாங்க மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலமோ மலாய்க்காரர் அல்லாதார்க்கு விற்கப்படலாகாது. விசா கிடைத்ததனாலேயே நில உரிமை கிடைத்துவிடாது.

இதனால் சிலர், அங்குள்ள உறவினர் பெயரில் வாங்கி வாய்மொழியை நம்புகின்றனர். பதிவில் எவர் பெயரோ, அவரே உரிமையாளர். அவர் மறைந்தபின் நம் பிள்ளைகள் எதைக் காட்டி வழக்காடுவர்? கடனையே சாட்சிகளுடன் எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (2:282) பணித்திருக்க, வாழ்நாள் சேமிப்பை வாய்ச்சொல்லில் விடலாமா?

எனவே முதலில் வாடகைக்குக் குடியிருந்து பார்ப்போம். தண்ணீர், பாதை, பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகியவற்றை விசாரிப்போம். வழக்கறிஞர் மூலம் நில அலுவலகப் பதிவைச் சரிபார்ப்போம். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புவோம். மனைவியின் நகை அவருடைய சொத்து. மனமொப்பிய சம்மதமின்றி அதில் கைவையோம். யாவும் உறுதியாகும்வரை ஊரிலுள்ள வீட்டை விற்காதிருப்போம்.

வல்ல நாயன் நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.