பெட்டியின் பலம் மூலையில்



2004 இல் யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்குக் கப்பலில் ஒரு காட்போட் பெட்டி அனுப்பினேன். கடை வாசலில் ஓசியாக எடுத்த பழைய பெட்டி. கணக்காளன் அல்லவா, அதிலும் மிச்சம் பிடித்தேன். "எல்லாம் வடிவாய் வந்து சேர்ந்திட்டுது தம்பி" என்றார் அம்மா. பெட்டி நசுங்கி, பால்மா முழுவதும் கொட்டுண்டு போனதைத் தங்கை சொல்லித்தான் பின்னர் அறிந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். 1871 இல் நியூயோர்க்கில் அல்பேட் ஜோன்ஸ் என்பவர் போத்தல்களைப் பொதிவதற்கான நெளிதாளுக்குக் காப்புரிமை பெற்றார். 1874 இல் ஒலிவர் லோங் நெளிவின் இருபுறமும் தாள் ஒட்டினார். இன்றும் அடிப்படை அதுதான். பாரமான பொருட்களுக்கென இரண்டு நெளிவு அடுக்குகள் கொண்ட மட்டையும் பின்னர் வந்தது.

நெளிவுகள் மேலும் கீழுமாக நிற்கும்போது ஒவ்வொன்றும் ஒரு சிறு தூண். மேலே ஏறும் பாரத்தில் பெரும்பங்கை நான்கு மூலைகளே தாங்குகின்றன. மூலை மடங்கினாலோ ஈரம் பிடித்தாலோ பலம் குறைந்துவிடும்.

ஆகவே, ஊருக்கு அனுப்பும்போது இரட்டை நெளிவுள்ள புதுப் பெட்டியாக வாங்குங்கள். உள்ளே வெற்றிடம் விடாதீர்கள். பொருட்களைப் பொலித்தீனில் சுற்றுங்கள். அடுக்கும்போது மூலைக்கு மேல் மூலை வையுங்கள்.

பெட்டிக்குக் கொடுக்கும் காசைக் காப்புறுதிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நசுங்கிப் போய்ச் சேர்ந்தாலும் அம்மாமார் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.