சிக்னலில் அணையும் பழைய கார்

(நமது குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)



நான் மெக்கானிக் அல்ல. முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கணக்கு எழுதியவன். என் காருக்கு வயது 19. ஓடியது 1,60,000 கிலோமீட்டர். போன சித்திரையில் ஐந்து ரோடு சிக்னலில் குலுங்கிக் குலுங்கி அணைந்தது. ஏசி போட்டால் உடனே அணைந்துவிடும். ஒரு பட்டறையில் பிளக்கை மாற்றினார்கள், அடுத்து பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். பணம் போனது, கோளாறு போகவில்லை.

கடைசியில் நாமக்கல்லில் லாரி வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கும் முன் கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்க, எப்பெப்ப அணையுதுங்க?"

எனக்கு வங்கி ஞாபகம் வந்தது. நாள் கணக்கில் வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், யாரோ 54-ஐ 45 என்று எழுதியிருக்கலாம் என்று தேடுவோம். வித்தியாசமே தவறைக் காட்டிக் கொடுக்கும். காரும் அப்படித்தான். கவனித்து ஒரு நோட்டில் எழுதுங்கள்:

நிற்கும்போது மட்டும் குலுங்கி, ஓடும்போது சரியாக இருக்கிறதா? த்ராட்டில் பாடியில் கரி, ஐடில் வால்வில் அடைப்பு, அல்லது வேக்யூம் குழாயில் வெடிப்பு இருக்கலாம். குழாய் வெடித்திருந்தால் 'உஸ்' சத்தம் கேட்கும்.

எப்போதும் உதறுகிறதா? ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக், காயில், இன்ஜெக்டர் பாருங்கள்.

மேடேறும்போது திணறுகிறதா? பெட்ரோல் பில்டர், பம்ப்.

சூடானதும் அணைந்து, ஆறியபின் ஸ்டார்ட் ஆகிறதா? கிராங்க் சென்சார் அல்லது காயில்.

என் வண்டியில் த்ராட்டில் பாடி முழுக்கக் கரி. ஏசி போட்டால் இன்ஜினுக்குப் பாரம் கூடும், அதிகக் காற்று வேண்டும். வழி அடைத்திருந்ததால் அணைந்தது. கிளீனர் அடித்துத் துடைத்ததும் சரியானது.

"ஐடிலை ஏத்தி வெச்சுடலாம்" என்று சிலர் சொல்வார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. கோளாறைக் கண்டுபிடிக்காமல் ஐடிலை ஏற்றுவது, வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது போல.

இரண்டு எச்சரிக்கைகள். ஓடும்போது இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் கனமாகும். ஓரிரு மிதிக்குப் பின் பிரேக்கும் கல்லாகும். விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மூச்சாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். இந்தக் கோளாறோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறவே வேண்டாம்.

அடுத்து, நம் கீழ்த்தள பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொல்லும். அங்கேதான் நம் பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். வண்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

பழைய வண்டி பாரமல்ல. அது சொல்வதைக் கேட்டபின் பர்ஸைத் திறந்தால் போதும்.