பௌதிகம் படித்தால் சோறு போடுமா?

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு தந்தை என் வீட்டுக்கு வந்தார். மகள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க ஆசைப்படுகிறாளாம். "சார், அதப் படிச்சா சோறு போடுமா?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோட்டத்து லயத்தில் என் அப்பா கேட்ட அதே கேள்வி. அன்று அதைப் பௌதிகம் என்போம். "பௌதிகம்னா என்னடா? எந்த ஆபீசுல ஒக்கார வைப்பாங்க?" என்றார் அப்பா. என்னிடம் பதில் இல்லை.

1981-ல் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. என் அக்காள் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழையிலும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. மாதம் 60 வெள்ளி எனக்குக் கொடுப்பார். நான்கு ஆண்டில் 2,880 வெள்ளி. செலவு இவ்வளவுதான் என்று அன்று நினைத்தேன். அது தப்புக் கணக்கு. என் வயதுப் பையன்கள் அதே நேரத்தில் மாதம் 250 வெள்ளி போலச் சம்பாதித்தார்கள். அந்த 12,000 வெள்ளியும் வீட்டுக்கு வராமல் போனதே, அதையும் செலவில் எழுத வேண்டாமா?

இன்றைக்கும் கணக்கு அப்படித்தான். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. கட்டணத்தைவிடச் சாப்பாடு, தங்குமிடம், மடிக்கணினி, போக்குவரத்து இவைதாம் இழுக்கும். 1997-ல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது, ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணத்தில். கடன் கடன்தான், திருப்பித் தர வேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அந்தச் சம்பளத்தையே நான்கு ஆண்டு இழந்தால் 81,600 வெள்ளி! தனியார் கல்லூரி என்றால் கட்டணமே பல பத்தாயிரம். அதில் நான் ஒருவரையும் உற்சாகப்படுத்த மாட்டேன்.

சரி, வருமானம்? பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள், என் கதையையே சொல்கிறேன். 1985-ல் பட்டம் வாங்கினேன். அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது. அக்காள் வேலை செய்த இடத்திலும் ஆள்குறைப்பு. பதினொரு மாதம் என் பட்டம் ஒரு காசு கொண்டுவரவில்லை. அப்புறம் தற்காலிக ஆசிரியர், பிறகு கல்வி டிப்ளோமா, அதன் பிறகே நிரந்தர வேலை. ஓய்வு பெறும்வரை பௌதிகந்தான் சோறு போட்டது. தாமதமாகப் போட்டது, அவ்வளவே.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மருத்துவம் படித்தவர் மருத்துவர். கணக்கியல் படித்தவர் கணக்காளர். பௌதிகப் பட்டத்துக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகை கிடையாது. பட்டத்தோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். கல்வி டிப்ளோமா சேர்ந்தால் ஆசிரியர். மருத்துவ இயற்பியலில் முதுகலை சேர்ந்தால், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையில் கதிரின் அளவைக் கணக்கிடுபவர். வானிலைத் துறை உண்டு. பாங்கியில், 1982-ல் இயங்கத் தொடங்கிய ஆராய்ச்சி அணு உலை உண்டு. நம் வடக்குப் பகுதிக்கோ தொழிற்சாலைகள். இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-ல் பினாங்கில்தான் அமைத்தது. 1996-ல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் வந்தது. அங்கே கணினி நிரலும் புள்ளியியலும் தெரிந்த பௌதிகப் பட்டதாரிக்கு இடமுண்டு. ஆனால் ஒன்று: பதிவு பெற்ற பொறியியலாளர் ஆக வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டமே வேண்டும். மகளுக்கு அதுதான் ஆசை என்றால் பொறியியலுக்கே அனுப்புங்கள். இதைத் தெரியாமல் சேர்ந்து பின்னால் வருந்திய என் மாணவர்கள் உண்டு.

விழா மேடைகளில் சர் சி.வி. இராமனைச் சொல்லாமல் விடமாட்டார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் முழுக் கதையையும். அவர் 1907-ல் கல்கத்தாவில் நிதித் துறை உத்தியோகத்தில் சேர்ந்தவர். வேலை நேரம் போகத்தான் ஆராய்ச்சி. பத்தாண்டு கழித்து, 1917-ல், சம்பளம் குறைந்த பேராசிரியர் பதவிக்குப் போனார். 1930-ல் நோபல் பரிசு. பத்தாண்டு மாதச் சம்பளம் பார்த்த பிறகு எடுத்த முடிவு ஐயா அது! கடனோடு நிற்கும் பிள்ளையை அவரோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

அந்தத் தந்தையிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "கூடுதல் கணிதத்தில் மகள் எப்படி?" "அதுல கெட்டிக்காரி சார்" என்றார். அப்படியானால் அனுப்புங்கள் என்றேன், அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு, மூன்றாம் ஆண்டிலேயே எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும்படி சொல்லி. கணிதம் பிடிக்காத பிள்ளையாக இருந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதெல்லாம் தூரத்துச் சங்கதியாகத் தோன்றும். நான்காம் படிவம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். பாடத் தேர்வுப் பாரத்தில் கையெழுத்துப் போடும்போது, இயற்பியலும் கூடுதல் கணிதமும் இல்லாவிட்டால் பொறியியல் கதவும் சேர்ந்தே அடைபடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பட்டம் வாங்கிய பிறகு ஒருநாள், அக்காள் ஒட்டிய சில்லுக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அவருக்கு விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "கம்பி அறுந்தா ஓடாதுல்ல, அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். இன்று அவரும் வந்திருக்கிறார், மூன்றாம் வரிசையில். விருந்து முடியும்வரை இருவரும் இங்கேதான் இருப்போம். கணக்குக் கேட்க விரும்புகிறவர்கள் என்னைவிட அவரிடம் கேட்கலாம்.