எங்க யோகா அக்கா

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடையில் பேசிப் பழக்கம் இல்லைங்க. அதனால் எழுதி வைத்துத்தான் படிக்கிறேன்.

யோகா அக்காவைப் பத்தி யாராவது பேசணும்னு தலைவி சொன்னப்ப எல்லாரும் என்னையக் கை காட்டிட்டாங்க. அவங்க பேரைச் சொன்னால் நம்மில் பாதிப் பேருக்கு யாருன்னே தெரியாது. யோகா அக்கான்னாத்தான் தெரியும். அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. பஞ்சு மில்லில் இருபது வருசத்துக்கு மேல வேலை பார்த்தவங்க. மில்லில் இருந்தப்ப மூச்சு இரைக்குதுன்னு டவுனில் மனவளக்கலை மன்றத்துக்குப் போய்ப் பயிற்சி கத்துக்கிட்டாங்க. அந்தப் பயிற்சியை வகுத்த வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். "அவரும் தறிக்காரர்தான் கண்ணு, நம்ம பஞ்சு நூல் சாதி" என்று அக்கா பெருமையாகச் சொல்லுவாங்க.

நம்ம கூட்டமைப்புக் கட்டிடத்தில் வகுப்பு ஆரம்பிச்சப்ப எந்த நேரம் வைக்கிறதுன்னு பெரிய வாக்குவாதம். காலையில் ஆகாது, பால் கறக்கணும். சாயந்திரம் ஆகாது, சோறாக்கணும். நூறு நாள் வேலையிலிருந்து வந்து, பிள்ளைங்க ஸ்கூல் பஸ் வர்றதுக்கு நடுவுல ஒரு மணி நேரம் இருக்கும். மூணு மணி. அந்த ஒரு மணி நேரத்தை அக்காதான் கண்டுபிடிச்சாங்க. அப்படி ஒரு நேரம் எனக்குன்னு இருந்ததே எனக்குத் தெரியாது.

கைப் பயிற்சி, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, கபாலபதி, மகராசனம்னு வரிசையாகப் போகும். சேலையோட மகராசனம் செய்ய முடியாதுன்னு சுடிதார் போடச் சொன்னாங்க. அதுக்கு எங்க வீட்டில் நடந்த பஞ்சாயத்தைச் சொன்னால் இந்த மலரில் இடம் பத்தாது. கடைசியாக உடல் தளர்த்தல். ஜமக்காளத்தில் மல்லாந்து படுத்ததும், கால் விரலிலிருந்து தலை வரைக்கும் ஒவ்வொன்றாகத் தளர விடச் சொல்லுவாங்க. முழங்கால் வர்றதுக்குள்ளேயே பாதிப் பேர் குறட்டை. அக்கா எழுப்ப மாட்டாங்க. "தூங்கட்டும், வீட்டுல யாரு இவளைத் தூங்க விடறா" என்பாங்க. ஸ்கூல் பஸ் ஹாரன்தான் எங்களை எழுப்பும்.

எனக்கு அவங்க பயிற்சி மட்டும் சொல்லித் தரலை. கறவை மாட்டுக் கடனுக்குப் பேங்குக்குப் போறப்ப, "காலை நல்லா ஊணி நில்லு, மூச்சை அடக்காதே, அப்புறம் பேசு" என்று சொல்லி அனுப்பினாங்க. உள்ளே போனதும் நாற்காலியில் உட்காரணும்னும் சொன்னாங்க. உட்கார்ந்தேன். கடன் கிடைச்சது, மாடும் இப்ப மூணாவது ஈத்து.

இனிமேல் சொல்றது கொஞ்சம் கஷ்டமான விசயம். ஆனால் அக்காவே எல்லார் முன்னாடியும் சொன்னதுதான்.

அவங்க மார்பில் கட்டி இருந்தது. ஆறு மாசம் யார்கிட்டயும் மூச்சு விடலை. ஆபரேசனுக்கு அப்புறம் கோயமுத்தூரில் போய்ப் பார்த்தப்ப, ஏன்க்கா சொல்லலைன்னு கேட்டேன். "யோகா சொல்லித் தர்றவளுக்கே நோவுன்னு தெரிஞ்சா, அப்புறம் யாரு கண்ணு கிளாசுக்கு வருவா?" என்றாங்க. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. இன்னைக்கும் அந்தக் கோபம் போகலை.

மருந்து ஏத்தி, முடியெல்லாம் கொட்டி, தலையில் துண்டு கட்டிக்கிட்டு ஒரு நாள் மூணு மணிக்கு வந்து நின்னாங்க. "இந்தப் பயிற்சி மூச்சுக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது, மனசுக்கு நல்லது. கட்டியைக் கரைக்காது. கட்டின்னா ஆஸ்பத்திரி. வலிக்கலையேன்னுதான் நான் விட்டேன். வலிக்காததுதான் பொல்லாதது." இவ்வளவுதான் பேசினாங்க. பேசிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கைப் பயிற்சியை ஆரம்பிச்சுட்டாங்க. ஆபரேசன் பண்ணின பக்கத்துக் கை தோளுக்கு மேல ஏறலை. அவங்க கை எவ்வளவு ஏறுச்சோ அவ்வளவுதான் நாங்களும் தூக்கினோம். யாரும் பேசி வைக்கலைங்க. தானா அப்படி ஆயிருச்சு. பார்த்துட்டு, "எனக்குத்தான் கை வரலை, உங்களுக்கென்ன கேடு? தூக்குங்கடி!" என்று திட்டினாங்க. சிரிச்சுக்கிட்டே, அழுதுக்கிட்டே தூக்கினோம்.

அடுத்த வாரமே எங்களில் பதினாலு பேரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாங்க. 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறாங்க. ஆனால் மார்பகமும் கர்ப்பப்பை வாயும் பார்க்கணும்னா நாமதான் போகணும். 30 வயசுக்கு மேல் எல்லாரும் பார்த்துக்கலாம், காசில்லை. உள்ளே இருக்கிறது நர்சம்மாதான், வெட்கப்பட ஒண்ணும் இல்லை. பத்து நிமிசம் ஆகும். அந்தப் பதினாலு பேரில் ஒருத்தருக்குச் சர்க்கரை இருந்தது தெரிஞ்சது. இன்னொரு தங்கச்சியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அது சாதாரணக் கட்டின்னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்டதும் அக்கா எல்லாருக்கும் டீ, பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாங்க.

போன பங்குனியில் அக்கா போயிட்டாங்க.

வகுப்பு நிற்கலை. செவ்வாயும் வியாழனும் மூணு மணிக்கு நானும் இன்னொரு குழுவின் ஊக்குநரும் மாத்தி மாத்தி நடத்தறோம். உடல் தளர்த்தலில் என் குரலுக்கு யாரும் அவ்வளவு சீக்கிரம் தூங்கறதில்லை, அது ஒரு குறைதான்.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். டெஸ்ட் எடுக்காதவங்க பேரைத் தீர்மான நோட்டோட கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொன்னாங்க அக்கா. நான்தான் எழுதினேன். அப்போ 31 பேர். இப்போ 9 பேர் பாக்கி. அந்த ஒன்பது பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கீங்க. பேரை மைக்கில் படிக்கலை. சாப்பாட்டுப் பந்தியில் நானே வந்து பார்க்கிறேன்.