சோற்றின் எடையும் மாவுச்சத்தின் கணக்கும்



உணவியலாளர்களும் சர்க்கரை நோய் மருத்துவர்களும் விடுதிச் சமையற்கூடங்களை நடத்துவோரும் இன்று ஒரே அரங்கில் கூடியிருக்கிறீர்கள். சமைக்கும்போது மாறும் மாவுச்சத்துக் கணக்கைப் பற்றிப் பேச இப்படி ஒரு கூட்டம் எப்போதோ கூடியிருக்க வேண்டும்.

100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 100 கிராம் சோற்றில் 28 கிராம் அளவுதான். உலையில் எதுவும் அழிந்துவிடவில்லை. அரிசி நீரைக் குடித்து எடை கூடியிருக்கிறது, அவ்வளவே. இது தெரிந்த செய்திதானே என்று தோன்றலாம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு குழந்தையின் தாயை நினைத்துப் பாருங்கள். தட்டில் 150 கிராம் சோறு. உணவுச் சத்து அட்டவணையில் அரிசிக்குரிய எண்ணை எடுத்துப் பெருக்கினால் 117 கிராம் மாவுச்சத்து வரும். குழந்தை உண்ணப்போவதோ 42 கிராம். 117 கிராமுக்கு மருந்து ஏற்றினால் சர்க்கரை அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எண்ணுக்குப் பக்கத்தில் "பச்சை" அல்லது "வெந்தது" என்ற ஒரு சொல் இல்லாததால் இந்தப் பிழை நேர்கிறது.

எண்ணெய்ச் சட்டியில் கணக்கு வேறு திசையில் ஓடும். உருளைக்கிழங்கில் பெரும்பகுதி நீர். மாவுச்சத்து 100 கிராமுக்குச் சுமார் 17 கிராம். சிப்ஸாக்கும்போது நீர் கிட்டத்தட்ட முழுவதும் வெளியேறுகிறது. அத்தோடு நின்றிருந்தால் மாவுச்சத்து 80 கிராமை எட்டும். ஆனால் நீர் போன இடத்தில் எண்ணெய் புகுந்துவிடுவதால் 50 கிராமை ஒட்டியே நிற்கிறது. சதவீதம் குறைவாகத் தெரிவதற்குக் கொழுப்பே காரணம் என்பதை நோயாளிக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு நம்முடையது.

பிரிட்டனில் உணவு அட்டவணைப் பணி சர்க்கரை நோயாளியின் தட்டிலிருந்துதான் வளர்ந்தது. லண்டனில் மெக்கன்ஸ், லாரன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1929இல் உணவுகளின் மாவுச்சத்தைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, உடல் பயன்படுத்தக்கூடிய மாவுச்சத்தையும் பயன்படாததையும் பிரித்துக் காட்டியது. சில ஆண்டுகளுக்குப் பின் எல்சி விடோசன் என்ற இளம் ஆய்வாளர், பழங்களுக்கு மெக்கன்ஸ் தந்திருந்த எண்கள் குறைவு, பகுப்பாய்வில் சேர்த்த அமிலம் பழச்சர்க்கரையில் ஒரு பகுதியைச் சிதைத்துவிட்டது என்று அவரிடமே சொன்னார். மெக்கன்ஸ் அதை ஏற்று அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். 1940இல் இருவரும் வெளியிட்ட அட்டவணை நூலில் சமைத்த உணவுகளுக்கும் இடம் கிடைத்தது. தன் பிழையை ஏற்ற மெக்கன்ஸின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் நாட்டின் உணவு அட்டவணைக்கு நீலகிரியிலேயே வேர் இருக்கிறது. குன்னூரின் உணவூட்ட ஆய்வகத்தில் அய்க்ராய்ட் என்ற ஆய்வாளர் தொடங்கிய பணி, அந்த ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்த பின்னும் தொடர்ந்தது. 2017இல் வந்த அட்டவணை 528 உணவுகளை அளந்து தந்திருக்கிறது. அரிய உழைப்பு அது. ஆனாலும் அதில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். நாம் உண்பது சோறு, களி, கூழ். ஒரே கேழ்வரகு மாவு களியாகும்போது ஒரு கணக்கு, கூழாகும்போது இன்னொரு கணக்கு. ஊற்றும் நீரின் அளவு வீட்டுக்கு வீடு மாறும்.

கஞ்சி வடித்த சோற்றையும் குக்கரில் வைத்த சோற்றையும் ஒன்றாகப் பார்க்கவும் முடியாது. வடித்த கஞ்சியோடு மாவுச்சத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பழைய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவுக்கு மாறுவதும் உண்மைதான். ஆனால் அது செரிமானத்தைப் பற்றிய கேள்வி. எடையைப் பற்றிய கேள்வியோடு அதைக் குழப்ப வேண்டாம்.

கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். சமைக்கும் முன் எடை, சமைத்த பின் எடை, ஊற்றிய நீர், வடித்த கஞ்சி, குடித்த எண்ணெய் ஆகியவற்றைச் சொல்லிவிட்டுப் பிறகு சதவீதத்தைச் சொல்லுங்கள். விடுதிச் சமையற்கூடத்தினர் தங்கள் அண்டாக்களின் அளவுகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் அமர்வை அவர்களே தொடங்கட்டும்.