ஆடுகளத்தில் ஓர் ஆசிரியர்



விளையாட்டைப் பயிற்றுபவரை ஆசிரியர் என்று கொள்ளலாமா? வகுப்பு முடிந்து மணி அடித்தபின் மைதானத்திற்கு வருபவரை, கரும்பலகையின் முன் நிற்பவரோடு ஒப்ப வைத்து எண்ணுதல் தகுமா? இவ்வினா எங்கள் வீடுகளிலும் எழுவதுதான். புத்தகத்தை மூடிவிட்டுப் பந்தைக் கையிலெடுக்கும் பிள்ளையைப் பெற்றோர் கவலையோடுதான் நோக்குகின்றனர். இவ்வினாவை மனத்திற் கொண்டு, 1890ஆம் ஆண்டு தொடங்கி 1958ஆம் ஆண்டுவரை மைதானத்தில் நின்று கற்பித்த அமெரிக்கர் ஒருவரின் வாழ்வை ஆராய விரும்புகின்றோம். அவர் பெயர் அமொஸ் அலொன்சோ ஸ்டாக்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளின் உதைபந்தாட்டம் நாம் ஆடும் உதைபந்தாட்டமன்று. அது றகர் ஆட்டத்தின் வழிவந்தது. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி எதிரணியின் எல்லையைக் கடக்க முயல்வதும், அவ்வாறு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவதுமே அதன் உயிர்நிலை.

ஸ்டாக் 1862ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் நியூ ஜேர்சி மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. வறுமையோடு போராடி யேல் பல்கலைக்கழகத்தை அடைந்த மகனின் நோக்கம் சமயபோதகராவது. அங்கே அவர் பேஸ்போலில் பந்து வீசுவதில் பெயர் பெற்றார். பணத்திற்காக ஆடும் அணிகள் அவரை அழைத்தன, அவர் இசையவில்லை. 1889இல் முதன்முதலாகத் தெரிவு செய்யப்பட்ட அகில அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்ட அணியின் பதினொருவருள் அவரும் ஒருவரானார். ஆயினும், மேடையேறி மக்களைக் கவரும் பேச்சு வன்மை தமக்கில்லை என உணர்ந்து போதகர் படிப்பைக் கைவிட்டார். சொல்லால் ஆற்ற எண்ணிய தொண்டை விளையாட்டால் ஆற்றத் துணிந்தார்.

1890இல் ஸ்பிரிங்பீல்ட் நகரத்துப் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்து, அங்கு உதைபந்தாட்ட அணியைப் பயிற்றினார். கூடைப்பந்தாட்டத்தை வகுத்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அவ்வணியில் ஆடியவரே. 1892ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அப்புதிய ஆட்டம் முதன்முறையாகப் பொதுமக்கள் முன் ஆடப்பட்டபோது மாணவர் 5, ஆசிரியர் 1 என முடிந்தது. ஆசிரியர் பக்கத்து ஒரே புள்ளியை ஈட்டியவர் ஸ்டாக்.

அதே ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. அதன் தலைவர் வில்லியம் ரெய்னி ஹாப்பர், யேலில் ஸ்டாக்கிற்குப் பாடஞ் சொன்னவர். அவர் தம் பழைய மாணவரை அழைத்து, உடற்கல்விப் பகுதியின் தலைமையை மட்டுமன்றி, துணைப் பேராசிரியர் என்ற நிலையையும் வழங்கினார். பயிற்றுநரை ஆட்டக்காலத்திற்கு மட்டும் அமர்த்துவது வழக்கமாயிருந்த அந்நாளில் இது அரிய செயலாகும். முதலாண்டில் ஆட்கள் போதாமையால் பேராசிரியரே மாணவரோடு களத்தில் இறங்கி ஆடினார்!

அவர் புகைப்பதில்லை, மது அருந்துவதில்லை, மாணவரைத் தகாத சொல்லால் ஏசுவதுமில்லை. கோபம் மிஞ்சினால் 'கழுதை' என்பார். அதுவே அவர் அகராதியின் எல்லை. பயிற்சிக் காலத்தின் முடிவில் கழுதையாகாத மாணவர் ஒருவரும் எஞ்சுவதில்லை என்று அவர் மாணவரே வேடிக்கையாகச் சொல்வர்.

வெற்றிகள் வந்தன. 1905இல், 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகன் அணியைச் சிக்காகோ 2–0 என வென்றது. ஆனால் இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். புதிய பல்கலைக்கழகத்தின் பெயர் நாடெங்கும் பரவ இவ்வாட்டம் உதவுமென ஹாப்பர் கருதினார், பரவவும் செய்தது. அவ்வெற்றியின் நாயகர்களுள் ஒருவரான வோல்டர் எக்கர்சாலை ஊரெல்லாம் அறிந்திருந்தது. அவரோ ஆடி முடித்தபின் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். பல்கலைக்கழகம் அவராற் புகழ் பெற்றது. அவர் பல்கலைக்கழகத்தாற் பெற்ற கல்வி யாது? பயிற்றுநரைப் பேராசிரியராக்கினால் மட்டும் விளையாட்டு கல்வியாகிவிடாது என்பதற்கு இஃதொரு சான்று. ஸ்டாக்கின் பெருமையைப் பேசுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

1932இல் அவருக்கு வயது 70. பல்கலைக்கழக விதி ஓய்வு பெறச் சொன்னது. வேறு பணி தருவதாகக் கூறினர், அவர் ஏற்கவில்லை. மைதானத்தை விட மனமின்றி, கலிபோர்ணியாவிலுள்ள பசிபிக் கல்லூரி என்னும் சிறிய கல்லூரிக்குச் சென்றார். 1938இல் அக்கல்லூரி அணியோடு சிக்காகோவிற்கு வந்து, தமது பெயர் தாங்கிய மைதானத்திலேயே தமது பழைய பல்கலைக்கழகத்தை 32–0 என வென்றார். மறு ஆண்டில், றொபேட் ஹச்சின்ஸ் தலைமையிலிருந்த சிக்காகோ, இவ்வாட்டத்தின் ஆரவாரம் கல்விக்கு இடையூறு எனக் கருதி அணியையே கலைத்துவிட்டது. வெறுமையாகிய அம்மைதானத்தின் மேற்குப் படிக்கட்டு இருக்கைகளின் கீழ் 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் என்ரிக்கோ பேர்மி குழுவினர் தொடரும் அணுப்பிளவை முதன்முதலாக நிகழ்த்தினர். பிற்காலத்தில் அந்நிலத்தில் நூல்நிலையம் எழுந்தது. உதைபந்தாட்டமும் 1969இல் ஆரவாரமின்றிப் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பி வந்தது.

ஸ்டாக் ஓயவில்லை. 1943இல், தம் 81ஆம் வயதில், அவ்வாண்டின் சிறந்த பயிற்றுநரெனப் பயிற்றுநர்களாலேயே தெரிவு செய்யப்பட்டார். 1946இல் பசிபிக் கல்லூரியை விட்டு விலகியபின், பென்சில்வேனியாவில் தம் மகன் பயிற்றிய சஸ்குவெஹன்னா அணிக்குத் துணைநின்றார். மனைவி ஸ்டெல்லா நோயுறவே அதனை விடுத்து, ஸ்டொக்டன் நகரில் அவரருகே தங்கி, அங்குள்ள இளங் கல்லூரியின் மாணவருக்குப் பந்தை உதைக்கும் கலையை 1958வரை கற்பித்தார். 1965ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், 102ஆம் வயதில் காலமானார்.

அன்பர்களே, 314 வெற்றிகள் அவர் பெயரில் எண்ணப்படுகின்றன. எமக்கோ அவ்வெண்ணிலும் அவருடைய கடைசி ஆண்டுகளே பெரியனவாகத் தோன்றுகின்றன. கூட்டமும் புகழும் பெரும் பதவியும் நீங்கியபின்னும், பெயரறியாப் பையன் ஒருவனுக்குப் பந்தை எவ்வாறு உதைப்பது என்று காட்டிக்கொண்டு நின்றாரே, அவர் ஆசிரியரல்லரேல் வேறு யார்? ஹச்சின்ஸ் கடிந்தது ஆரவாரத்தை. ஸ்டாக் காத்தது பயிற்சியை. இரண்டையும் பிரித்தறிதல் எம் கல்லூரிகளுக்கும் கடமையாகும். கேடயங்களை எண்ணுமுன், அவற்றை வென்று தந்த மாணவன் படிப்பை முடித்தானா என்று கேட்போம். வெல்லாத மாணவனுக்கும் மைதானத்தில் இடமுண்டா என்றும் கேட்போம். இவ்விரண்டிற்கும் 'ஆம்' என விடை கூறக்கூடிய பயிற்றுநரை ஆசிரியர் என்றழைக்க நாம் தயங்க வேண்டியதில்லை என்பதே எமது துணிபு.